பதிவேட்டில் இருக்கிறார்கள், நினைவில் இல்லை

2015 ஜனவரி 15. கொழும்பில் ஜோசப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் அளித்த மறுநாள். மணிலாவுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் செய்தியாளர்களிடம் பேசிய போப் பிரான்சிஸ், அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா செல்லும்போது, கலிஃபோர்னியாவில் 'மிஷன்' எனப்பட்ட சமயக் குடியிருப்புகளை நிறுவிய ஸ்பானியத் துறவி ஹுனிப்பெரோ செர்ராவையும் புனிதராக அறிவிக்கப்போவதாகச் சொன்னார். கலிஃபோர்னியாவின் கத்தோலிக்கர்கள் பலர் மகிழ்ந்தார்கள். அதே மாநிலத்தின் பூர்வகுடி அமைப்புகள் பல கொதித்தெழுந்தன. தங்கள் முன்னோரைச் சாட்டையால் அடித்து வேலைவாங்கிய ஓர் அமைப்பை நிறுவியவருக்கா பீடம் என்று கேட்டன.

இடையில் ஜூலை மாதம் பொலிவியாவுக்குச் சென்ற போப், அமெரிக்கக் கண்டத்தைக் கைப்பற்றிய காலத்தில் பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட குற்றங்களுக்காகப் பணிவுடன் மன்னிப்புக் கேட்டார். செப்டம்பர் 23 அன்று வாஷிங்டனில் செர்ரா புனிதரானார். அந்தத் திருப்பலியில் ஓலோனி பூர்வகுடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தன் முன்னோரின் சொச்சென்யோ மொழியில் முதல் வாசகத்தை வாசித்தார். மன்னிப்பும் புனிதர் பட்டமும் பூர்வகுடி மொழியில் வேதவாசகமும் மூன்று மாதங்களுக்குள் அடுத்தடுத்து வந்தன. கலிஃபோர்னிய மிஷன்களைப் பற்றிய நினைவு எவ்வளவு பிளவுபட்டுக் கிடக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

செர்ரா நல்லவரா, கெட்டவரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால், அந்த ஒரு மனிதரைச் சுற்றியே விவாதம் சுழல்வதால் கவனம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. மிஷன்களைக் கட்டியவர்கள் யார், அங்கே புதைக்கப்பட்டவர்கள் யார், அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? ஒரு சமூகத்தின் பண்பாட்டு நினைவு நேர்மையானதா என்பதை இந்தக் கேள்விகளுக்கு அது தரும் பதிலை வைத்தே அளக்க வேண்டும்.

பத்தாண்டுத் திட்டம், அறுபதாண்டு ஆட்சி

ஸ்பெயின் கலிஃபோர்னியாவுக்கு வந்ததற்கு முதல் காரணம் அரசியல். வடக்கிலிருந்து ரஷ்யர்கள் பசிபிக் கரையோரமாக இறங்கிவிடுவார்கள் என்ற அச்சம் மெக்சிகோவில் இருந்த ஸ்பானிய அதிகாரிகளுக்கு இருந்தது. குடியேற்றத்துக்கு ஆட்கள் குறைவு, படை அதைவிடக் குறைவு. அங்கேயே வாழும் மக்களை மதம் மாற்றி, உழவும் நெசவும் பழக்கி, ஸ்பானிய மன்னரின் குடிகளாக்கிவிட்டால் நிலம் கைவசமாகிவிடும் என்பது கணக்கு. 1767-ல் இயேசு சபையினரை ஸ்பெயின் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியதால் அந்தப் பொறுப்பு பிரான்சிஸ்கன் துறவிகளிடம் வந்தது. மயோர்க்கா தீவில் 1713-ல் பிறந்த செர்ரா, பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு மெக்சிகோ வந்தவர். 1769-ல் சான் டியேகோவில் முதல் மிஷனைத் தொடங்கினார். 1784-ல் கார்மெலில் இறப்பதற்குள் 9 மிஷன்களை நிறுவியிருந்தார். 1823-ல் சொனோமாவில் கடைசி மிஷன் எழுந்தபோது எண்ணிக்கை 21 ஆனது. சான் டியேகோவுக்கும் சொனோமாவுக்கும் இடையே சுமார் 950 கிலோமீட்டர்.

சட்டப்படி மிஷன் தற்காலிக ஏற்பாடுதான். பத்தாண்டுகளில் பூர்வகுடிகள் 'பக்குவப்பட்டதும்' நிலத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டுத் துறவிகள் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். அந்தப் பத்தாண்டு எந்த மிஷனிலும் முடியவே இல்லை. ஸ்பெயினுக்குப் பின் ஆட்சிக்கு வந்த மெக்சிகோ அரசு 1830களில் மிஷன்களைக் கலைக்கும்வரை துறவிகளின் ஆட்சி தொடர்ந்தது.

மக்கள் ஏன் மிஷனுக்குள் போனார்கள்? சிலர் ஆர்வத்தால், சிலர் நோய்க்கு மருந்தும் உணவும் தேடி, சிலர் உறவினர்களைப் பின்தொடர்ந்து. ஆனால், இவற்றுக்கெல்லாம் அடியில் நிலத்தின் அழிவு இருந்தது. கலிஃபோர்னியப் பூர்வகுடிகள் காட்டுப்புல்லின் விதைகளையும் ஓக் மரக் கொட்டைகளையும் உணவாகக் கொண்டவர்கள். பருவம் பார்த்துப் புல்வெளிக்குத் தீவைத்து, அடுத்த மழைக்கு நல்ல விளைச்சல் எடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு இருந்தது. மிஷன்களின் ஆடுமாடுகள் அந்தப் புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன. 1793-ல் ஆளுநர் அரில்லாகா தீவைப்பதைத் தடைசெய்து ஆணையிட்டார். சொந்த நிலத்தில் சாப்பாட்டுக்கு வழியற்றுப் போனவர்களுக்கு மிஷன் கொட்டகையில் வெந்த கஞ்சிதான் மிச்சமிருந்தது. இதைச் சுயவிருப்பம் என்று எப்படிச் சொல்வது?

மணி அடித்தால் எழு, மணி அடித்தால் உறங்கு

ஞானஸ்நானம் பெற்றவர் அதன்பின் அனுமதியின்றி மிஷனை விட்டு வெளியேற முடியாது. ஓடிப்போனால் படைவீரர்கள் தேடிப் பிடித்து வருவார்கள். சாட்டையடி, கால்விலங்கு, தொழுமரம் என்று தண்டனைகள் காத்திருந்தன. விழிப்பது, செபிப்பது, உழைப்பது, உண்பது, படுப்பது என்று எல்லாவற்றுக்கும் மணி அடித்தது. மணமாகாத பெண்களும் விதவைகளும் இரவில் 'மோன்ஹேரியோ' எனப்பட்ட கொட்டடியில் வைத்துப் பூட்டப்பட்டார்கள். பெண்களைப் படைவீரர்களிடமிருந்து காக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள் துறவிகள். ஆனால், காற்றோட்டமில்லாத நெரிசலான அந்த அறைகளில் நோய் எளிதில் பரவியது. தாயையும் மகளையும் பிரித்து வைத்த சுவர் என்றுதான் வழித்தோன்றல்களின் நினைவில் அது நிற்கிறது.

இவை பிற்காலத்தவர் புனைந்த குற்றச்சாட்டுகள் அல்ல. 1786-ல் மான்டெரேயில் கப்பலை நிறுத்திய பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸ், துறவிகளின் தனிப்பட்ட ஒழுக்கத்தையும் விருந்தோம்பலையும் மனதாரப் பாராட்டியவர். அவரே கார்மெல் மிஷனைப் பார்த்ததும் கரீபியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்கள் நினைவுக்கு வந்ததாக எழுதினார். விலங்கிடப்பட்ட ஆண்களையும் பெண்களையும் கண்டதாகவும் சாட்டை ஒலியைக் கேட்டதாகவும் குறித்துவைத்தார். 1798-ல் சான் மிகெல் மிஷனுக்கு வந்த அந்தோனியோ டி லா கொன்செப்சியோன் ஓர்ரா என்ற துறவி, பூர்வகுடிகள் நடத்தப்படும் விதத்தைப் பொறுக்க முடியாமல் மெக்சிகோவிலிருந்த வைஸ்ராயிடமே புகார் கொடுத்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகச் சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 'அந்தக் காலத்து அளவுகோலில் அது தவறாகத் தெரிந்திருக்காது' என்று இன்று வாதிடுபவர்கள் இந்த இருவரின் எழுத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்திலேயே, அந்த அங்கியை அணிந்தவர் ஒருவருக்கே, அது தவறாகத் தெரிந்தது.

செர்ராவின் பக்கம் சொல்ல வேண்டியதையும் சொல்லியாக வேண்டும். பூர்வகுடிப் பெண்களைப் படைவீரர்கள் சூறையாடுவதை அவர் எதிர்த்தார். படைத்தலைவர் பெட்ரோ ஃபாஹேஸின் போக்கை முறையிட, புண்ணான காலோடு மெக்சிகோ நகரம் வரை 1773-ல் பயணம் செய்தார். 1775-ல் குமியாய் மக்கள் சான் டியேகோ மிஷனைத் தாக்கி, லூயிஸ் ஹாய்மே என்ற துறவியைக் கொன்றபோது, பிடிபட்டவர்களைக் கொல்ல வேண்டாம் என்று மன்றாடினார். அதே செர்ராதான், தந்தை பிள்ளைகளை அடித்துத் திருத்துவதுபோல் துறவிகள் பூர்வகுடிகளை அடிப்பது நெடுநாள் வழக்கம் என்று 1780-ல் ஆளுநருக்கு எழுதினார். இரண்டும் உண்மை. வளர்ந்த மனிதர்களை ஆயுள் முழுக்கக் குழந்தைகளாகவே வைத்திருக்கும் அன்பு, எவ்வளவு உண்மையான அன்பாக இருந்தாலும், அடிமைத்தனத்தில்தான் கொண்டுபோய் விடும்.

சாட்டையைவிட அதிகம் பேரைக் கொன்றது நோய். 1806-ல் வந்த தட்டம்மை சான் ஃபிரான்சிஸ்கோ வட்டார மிஷன்களைச் சூறையாடியது. மிஷனில் பிறந்த குழந்தைகளில் பலர் சில ஆண்டுகள்கூட உயிர் வாழவில்லை. பிறப்பைவிட இறப்பு அதிகமாக இருந்ததால், மிஷன்கள் நிற்க வேண்டுமானால் உட்பகுதிகளிலிருந்து புதிய ஆட்களைக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. இதைத் துறவிகள் அறிந்தே இருந்தார்கள். அவர்கள் கைப்பட எழுதிய பதிவேடுகளே அதைச் சொல்கின்றன.

அடங்கிப்போனவர்கள் அல்ல

மிஷன் கதையில் பூர்வகுடிகள் பெரும்பாலும் முகமற்ற கூட்டமாகத்தான் வருகிறார்கள். உண்மையில் அவர்கள் முகமும் பெயரும் உள்ளவர்கள். 1785-ல் சான் கேப்ரியல் மிஷனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் நிக்கோலாஸ் ஹோசே என்ற மிஷன்வாசியும், தொய்புரினா என்ற தோங்வா இனப் பெண்ணும் முன்னின்றார்கள். தங்கள் நடனங்களையும் சடங்குகளையும் தடைசெய்தது நிக்கோலாஸ் ஹோசேயின் ஆத்திரம். ஸ்பானியர்கள் தங்கள் மண்ணில் வந்து குடியேறியது தொய்புரினாவின் ஆத்திரம். திட்டம் முன்கூட்டியே கசிந்து இருவரும் பிடிபட்டார்கள். தொய்புரினா சொந்த மண்ணிலிருந்து நாடுகடத்தப்பட்டு, வடக்கே வாழ்ந்து, 1799-ல் இறந்தார். 1824-ல் சாந்தா பார்பரா வட்டாரத்தில் சுமஷ் மக்கள் மூன்று மிஷன்களில் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். லா புரிசிமா மிஷனை ஏறத்தாழ ஒரு மாதம் தங்கள் கையில் வைத்திருந்தார்கள்.

எதிர்ப்பு ஆயுதத்தில் மட்டும் இருக்கவில்லை. சான் புவனவென்ச்சுரா மிஷனில் மரியா மார்த்தா என்ற சுமஷ் பெண் ஒரு கூடை பின்னினார். நாணல் இழைகளை நெருக்கமாகச் சுற்றி, ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் அரச சின்னத்தை அப்படியே அதில் கொண்டுவந்தார். விளிம்பைச் சுற்றி எழுத்துகளையும் பின்னினார். இந்த மிஷனைச் சேர்ந்த மரியா மார்த்தா என்னைச் செய்தார் என்று கூடையே ஸ்பானிய மொழியில் பேசுவதுபோல் அந்த வாசகம் அமைந்திருக்கிறது. அதிகாரிகளுக்குப் பரிசளிக்கச் செய்யச் சொன்ன பொருளில், மன்னரின் சின்னத்துக்கு அருகிலேயே, தன் பெயரை எழுதி வைத்துவிட்டார் அந்தப் பெண். மிஷன் கட்டடங்களின் செங்கல்லில் எந்தத் தொழிலாளியின் பெயரும் இல்லை. இந்தக் கூடையில் இருக்கிறது.

ஒரு நாவலும் இரண்டு ரயில் பாதைகளும்

மிஷன்கள் கலைக்கப்பட்டபோது அவற்றின் சொத்தில் பாதி பூர்வகுடிகளுக்குப் பங்கிடப்பட வேண்டும் என்று 1834-ல் ஆளுநர் ஃபிகுவேரோவாவின் விதிமுறை சொன்னது. நடைமுறையில் நிலமும் மந்தைகளும் செல்வாக்குள்ள பண்ணைக் குடும்பங்களின் கைக்குப் போயின. அடுத்து வந்த அமெரிக்க ஆட்சி ஸ்பானியர்களையும் விஞ்சியது. 1850-ல் கலிஃபோர்னியா சட்டமன்றம் இயற்றிய சட்டம், நாடோடியாகத் திரிவதாகக் குற்றம் சாட்டி எந்தப் பூர்வகுடியையும் பிடித்து ஏலத்தில் வேலைக்கு விட வழிசெய்தது. முதல் ஆளுநர் பீட்டர் பர்னட், பூர்வகுடி இனம் அழியும்வரை போர் தொடரும் என்று 1851-ல் சட்டமன்றத்திலேயே பேசினார். 1846 முதல் 1873 வரை குறைந்தது 9,000 பேர் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் பெஞ்சமின் மேட்லி கணக்கிட்டிருக்கிறார். ஸ்பானியர் வருகைக்கு முன் சுமார் 3 லட்சமாக இருந்ததாக மதிப்பிடப்படும் மக்கள் 1870 வாக்கில் 30 ஆயிரமாகச் சுருங்கினார்கள்.

இந்த ரத்தம் காய்வதற்குள்தான் மிஷன் பற்றிய இனிய நினைவு பிறந்தது. அதன் தாய் ஒரு நாவல். ஹெலன் ஹன்ட் ஜாக்சன் பூர்வகுடிகளுக்கு அமெரிக்க அரசு செய்த துரோகங்களை ஆவணங்களோடு அம்பலப்படுத்தி 1881-ல் ஒரு நூல் எழுதினார். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கதையாகச் சொன்னால் மனம் இளகும் என்று எண்ணி 1884-ல் 'ரமோனா' எழுதினார். மனம் இளகியது. ஆனால், கதையில் பின்னணியாக வந்த பழைய மிஷன்களுக்காகவும் ஸ்பானியப் பண்ணைவீடுகளுக்காகவும் இளகியது. அடுத்த ஆண்டே ஜாக்சன் இறந்துவிட்டார். அதே 1885-ல் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு இரண்டாவது ரயில் பாதை வந்து சேர்ந்தது. கட்டணப் போட்டியில் பயணச்சீட்டு விலை சரிந்தது. கிழக்கிலிருந்து வந்து இறங்கியவர்கள் ரமோனா பிறந்த வீடு எது, மணம் முடித்த இடம் எது என்று தேடினார்கள். நிலம் விற்பவர்களுக்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் பழம்பெருமை ஒன்று தேவைப்பட்டது. இடிந்துகிடந்த மிஷன்கள் அதற்குத் தோதாக அமைந்தன.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1895-ல் சார்லஸ் லம்மிஸ் மிஷன் கட்டடங்களைப் பழுதுபார்க்கச் சங்கம் அமைத்தார். 1906-ல் லாஸ் ஏஞ்சலஸில், மிஷன்களை இணைத்த 'ராஜபாட்டை'யின் முதல் நினைவு மணி நடப்பட்டது. தொடர்ந்து நெடுஞ்சாலை ஓரமெங்கும் வளைந்த கம்பங்களில் நூற்றுக்கணக்கான மணிகள் தொங்கின. 1912-ல் சான் கேப்ரியலில் அரங்கேறிய 'மிஷன் நாடகம்' அடுத்த இருபது ஆண்டுகள் லட்சக்கணக்கானோரை ஈர்த்தது. ரயில் நிலையம், பள்ளிக்கூடம், தபால் நிலையம் என எல்லாம் மிஷன் பாணி வளைவுகளோடு எழுந்தன. தோல் பதனிட்ட, கொழுப்புக் காய்ச்சிய, நெசவு நடந்த வேலைக்களங்களான முற்றங்களில் ரோஜாவும் நீரூற்றும் வந்தன. இன்று பார்வையாளர்கள் மிஷனில் கண்டு மகிழும் அமைதியான தோட்டங்களில் பெரும்பாலானவை மிஷன் காலத்தவை அல்ல. அவை பின்னாளில் சுற்றுலாவுக்காக நட்டவை.

அந்த நினைவு கடைசியாகப் பள்ளிக்குள் நுழைந்தது. கலிஃபோர்னியாவில் நான்காம் வகுப்பில் படித்த கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் ஒரு மிஷன் மாதிரியைச் செய்திருப்பார்கள். சர்க்கரைக் கட்டிகளை அடுக்கிச் சுவர், அட்டையில் ஓடு, மேலே ஒரு சிலுவை. கைவினைக் கடைகளில் தெர்மோகோல் மிஷன்கள் தயார்நிலையில் விற்றன. பூர்வகுடிக் குழந்தைகளும் தங்கள் முன்னோர் புதைந்த இடத்தின் மாதிரியை இப்படிச் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். பல தலைமுறைக் குழந்தைகளின் மனதில் மிஷன் என்றால் வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, சிரித்த முகத் துறவி என்று பதிந்துபோனது. மாநிலத்தின் பாடத்திட்ட வழிகாட்டுதல் 2016-ல்தான் இந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. மிஷன்களில் நடந்த மோதலையும் கட்டாய உழைப்பையும் மாதிரி வடிவங்கள் மறைத்துவிடுகின்றன என்று அது வெளிப்படையாகவே கூறியது.

சிலை விழுந்தால் வரலாறு அழியுமா?

2020 கோடையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை அடுத்து எழுந்த அலையில் சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சாக்ரமென்டோ நகரங்களில் செர்ராவின் சிலைகளை ஆர்ப்பாட்டக்காரர்கள் சாய்த்தார்கள். வரலாற்றை அழிக்கிறார்கள் என்ற குரல் உடனே எழுந்தது. அந்தக் குரலில் உண்மையான வருத்தமும் இருந்தது. கலிஃபோர்னியாவின் கத்தோலிக்கர்களில் பெரும் பகுதியினர் மெக்சிகோ வழி வந்த உழைக்கும் மக்கள். அவர்களுக்கு செர்ரா தங்கள் மொழி பேசிய துறவி. பூர்வகுடிகளிலும் மிஷன் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே மணம் முடித்து, அங்கேயே முன்னோரைப் புதைத்த குடும்பங்கள் உண்டு. செர்ராவின் புனிதர் பட்டத்தை மனமுவந்து வரவேற்றவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அவர்களின் நம்பிக்கையை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமையில்லை.

ஆனால், ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விழுந்த சிலைகள் செர்ரா காலத்தவை அல்ல, இருபதாம் நூற்றாண்டில் வைத்தவை. சாலையோர மணிகளும் அப்படியே. மிஷன் காலத்தின் சான்றாக அவற்றைக் கொள்ள முடியாது. மிஷன் காலத்தை எப்படி நினைக்க வேண்டும் என்று பின்னாளில் செல்வாக்குள்ள சிலர் எடுத்த முடிவின் சான்று அவை. ஒரு தலைமுறை எடுத்த முடிவை இன்னொரு தலைமுறை மாற்றுவது வரலாற்றின் இயல்பு. முன்னோரைக் கட்டுப்படுத்திய மணியைத் தினமும் கடந்துபோக நேர்வது வேதனை என்று அமா முட்சுன் இனக்குழு எடுத்துச்சொன்னதும், சாந்தா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த மணி 2019-ல் அகற்றப்பட்டது. உரியவர்கள் கேட்டார்கள், நிறுவனம் செவிசாய்த்தது. நிதானமாக நடந்த இந்த மாற்றமே கயிறு கட்டி இழுப்பதைவிட நீடித்து நிற்கும்.

சாக்ரமென்டோவின் தலைமைச் செயலக வளாகத்திலும் அப்படியொரு மாற்றம் நடந்தது. கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் கலிஃபோர்னியப் பூர்வகுடி உறுப்பினர் ஜேம்ஸ் ராமோஸ் கொண்டுவந்த மசோதா 2021-ல் சட்டமானது. அதன்படி, செர்ரா சிலை இருந்த இடத்தில், மிவோக் இனத்தின் நடன மரபைக் காத்த வில்லியம் ஃபிராங்ளினின் வெண்கலச் சிலை 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. 2024-ல் ராமோஸின் மற்றொரு மசோதாவும் சட்டமானது. ஸ்பானியக் குடியேற்றத்தையும் தங்க வேட்டைக் காலத்தையும் பாடம் நடத்தும்போது பூர்வகுடிகள் நடத்தப்பட்ட விதத்தையும் அவர்களின் பார்வையையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்கிறது அது. லாஸ் ஏஞ்சலஸின் கிழக்கே ரமோனா கார்டன்ஸ் என்ற குடியிருப்பின் சுவரில் இப்போது தொய்புரினாவின் முகம் ஓவியமாக நிற்கிறது. கற்பனைக் கதாநாயகியின் பெயரைக் கொண்ட இடத்தில் உண்மையான கிளர்ச்சிக்காரி குடிவந்திருக்கிறார்.

துறவிகள் விட்டுச்சென்ற சான்று

சிலையும் மணியும் போகட்டும். நினைவை எங்கே ஊன்றுவது? மிஷன்களிலேயே அதற்கு விடை இருக்கிறது. துறவிகள் ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அடக்கத்தையும் பதிவேட்டில் எழுதினார்கள். வந்தவரின் ஊர், வயது, பெற்றோர், சிலரின் சொந்த மொழிப் பெயர் என்று விவரங்கள் அவற்றில் உண்டு. ஹன்டிங்டன் நூலகம் இந்தப் பதிவேடுகளைத் தொகுத்து 2006-ல் பொதுப் பார்வைக்கு வைத்தது. 1769 முதல் 1850 வரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஞானஸ்நானங்கள், சுமார் 27 ஆயிரம் திருமணங்கள், 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடக்கங்கள். இவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிகள். மிஷன் இனிய தோட்டமாக இருந்தது என்ற கதையை உடைக்க வேறு எந்தச் சான்றும் தேவையில்லை, இந்த எண்களே போதும். கதையை உடைக்கும் அதே ஏடுகள்தான் இன்று வழித்தோன்றல்கள் தங்கள் குடும்பத்தைக் கண்டெடுக்க உதவுகின்றன.

சான் ஹுவான் கபிஸ்த்ரானோ மிஷனை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மார்ச் 19 அன்று தகைவிலான் குருவிகள் திரும்பி வருவதைக் கொண்டாடக் கூட்டம் கூடும் இடம் அது. குருவிகளைப் பற்றிய ஒரு பாட்டால் 1940 முதல் நாடே அறிந்த பெயர். அங்கே பூர்வகுடிகள் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய கற்கோயில் 1806-ல் நிறைவடைந்தது. 1812 டிசம்பர் 8, காலைத் திருப்பலி நேரம். நிலம் நடுங்கியது. கோபுரமும் விதானமும் சரிந்தன. உள்ளே இருந்த 40 பூர்வகுடிகள் இறந்தார்கள். மணி அடித்துக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களும் மாண்டார்கள். அந்தக் கல் இடிபாட்டின் முன் நின்று படமெடுக்கும் ஒவ்வொருவரும் படிக்கும்படி இறந்தவர்களின் பெயர்கள் அங்கே கண்ணில் பட வேண்டாமா? சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் டொலோரஸ் வளாகத்திலும் அதைச் சுற்றிலும் புதைக்கப்பட்ட பூர்வகுடிகள் 5,000 பேருக்கும் மேல். ஆனால், அங்கே பெயர் பொறித்து நிற்கும் கல்லறைகளில் பெரும்பாலானவை பின்னாளில் குடியேறியவர்களுடையவை.

எழுத்து துறவிகளுடையதாக மட்டும் இருக்கவில்லை. சான் லூயிஸ் ரே மிஷனில் 1822-ல் பிறந்த பாப்லோ டாக் என்ற லுயிசேன்யோ சிறுவன், துறவி ஒருவருடன் ரோம் வரை போனான். அங்கே தன் மொழிக்கு இலக்கணம் எழுதினான். தன் மக்களின் நடனங்களைப் பற்றியும், வெள்ளையர் முதலில் வந்தபோது தங்கள் தலைவர் அவர்களை வெளியேறச் சொன்னதைப் பற்றியும் எழுதினான். இருபது வயது நிறையும் முன்பே 1841-ல் இறந்துபோனான். ரம்சென் இனத்தின் ஈசபெல் மெடோஸ், மிஷன் காலத்துப் பெண்கள் பட்ட கொடுமைகளைத் தான் கேட்டறிந்தபடி 1930களில் மொழியாய்வாளர் ஹாரிங்டனிடம் சொல்லிப் பதியவைத்தார். அந்தக் குறிப்புகளைத் தேடி எடுத்து, தன் குடும்பத்தின் கதையோடு சேர்த்து, டெபோரா மிரண்டா 2013-ல் நூலாக்கினார். சான் ஹுவான் பவுதிஸ்தா மிஷனின் துறவி அர்ரோயோ டி லா குவெஸ்தா தொகுத்த முட்சுன் மொழிக் குறிப்புகளும், அசென்சியோன் சொலோர்சானோ என்ற மூதாட்டி தன் கடைசி நாட்களில் சொல்லிவைத்தவையும் சேர்ந்து இன்று அம்மொழியை மீட்க உதவுகின்றன. பேசுவோர் அற்றுப்போன அந்த மொழிக்கு 2016-ல் முழு அகராதி வெளியானது.

அங்கீகாரம் இல்லாத நினைவு வெறும் அலங்காரம்

இவ்வளவு சான்றுகளுக்குப் பிறகும் நடக்கும் ஓர் அநீதியை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மிஷன்களைச் சுற்றி வாழ்ந்த கடலோர இனங்களில் பலவற்றை அமெரிக்க மத்திய அரசு இன்றுவரை ஓர் இனக்குழுவாகவே ஏற்கவில்லை. சாந்தா யினெஸ் சுமஷ், குமியாய் போன்ற சிலருக்கு அங்கீகாரமும் நிலமும் உண்டு. ஆனால், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் முவெக்மா ஓலோனி மக்களின் விண்ணப்பம் 2002-ல் தள்ளுபடியானது. சான் ஹுவான் கபிஸ்த்ரானோவின் அஹாஷ்மென் மக்களின் விண்ணப்பம் 2011-ல் தள்ளுபடியானது. இடையறாத தனிச் சமூகமாக வாழ்ந்ததற்குப் போதிய சான்று இல்லை என்பது காரணம். அந்தச் சமூகத்தைக் கலைத்தது யார்? ஊரூராகப் பிடித்துவந்து ஒரே கொட்டடியில் கலந்து வைத்தது மிஷன். நிலத்தைப் பறித்துச் சிதறடித்தது மெக்சிகோ. வேட்டையாடி ஒளிந்து வாழச் செய்தது அமெரிக்கா. சிதறடித்தவர்களே 'ஏன் சேர்ந்து வாழவில்லை' என்று கேட்பதில் எந்த நியாயமும் இல்லை.

2019-ல் ஆளுநர் கேவின் நியூசம் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நடந்ததை இனப்படுகொலை என்றே சொன்னார். அந்தச் சொல்லுக்கு மதிப்புண்டு. 2020-ல் பிக் சர் பகுதியில் எசெலென் மக்கள் சுமார் 1,200 ஏக்கர் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். செர்ரா கார்மெலில் மிஷன் நடத்தத் தொடங்கி ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த நிலம் அது. மன்னிப்புக்கு அடுத்த படி இப்படித்தான் இருக்க வேண்டும்.

மிஷன்களை இடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் ஒவ்வொரு செங்கல்லும் பூர்வகுடிகளின் கையால் அறுக்கப்பட்டது. அவற்றை இடித்தால் அவர்களின் உழைப்புக்கான சான்றும் போய்விடும். கட்டடம் நிற்கட்டும், திருப்பலி நடக்கட்டும், குருவிகளும் வரட்டும். ஆனால், மூன்று காரியங்களை இனியும் தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு மிஷனிலும் அங்கே புதைக்கப்பட்டவர்களின் பெயர்களை அடக்கப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பொதுவில் பொறிக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் வழித்தோன்றல்கள் உட்கார வேண்டும். அந்த மக்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் வழங்கப்பட வேண்டும். திருச்சபையின் ஏடுகளில் எழுபது ஆயிரம் அடக்கங்கள் பதிவாகியிருக்கும்போது, அந்த மக்களின் பிள்ளைகளைப் பார்த்து நீங்கள் இருந்ததற்குச் சான்று எங்கே என்று ஓர் அரசு கேட்பது தகாது.